கொழுப்புக்கு இடமில்லாத உடல்: கடலூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

முந்திரி உடைக்கும் தொழில் செய்யும் 34 வயதுப் பெண் ஒருவர், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்ந்த கடும் வலியோடும் நிற்காத வாந்தியோடும், பண்ருட்டியை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து கடலூரில் நான் பணியாற்றும் மருத்துவமனைக்கு இரவில் அழைத்து வரப்பட்டார். இரண்டாவது மகப்பேற்றின்போது தெரியவந்த சர்க்கரை நோய், பிள்ளை பிறந்த பிறகும் விலகாமல் ஏழு ஆண்டுகளாக நீடித்திருந்தது. உயரம் 156 செ.மீ., எடை 51 கிலோ. நாளொன்றுக்கு 140 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 250க்குக் கீழே இறங்கியதில்லை என்று அவர் கொண்டுவந்த பழைய சீட்டுகள் காட்டின. கணையம் இன்சுலினையே சுரக்காத முதல் வகை நோயாளிக்குக்கூடப் பொதுவாகக் கிலோவுக்கு அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை போதும். இவருக்குக் கிலோவுக்கு இரண்டரை யூனிட்டுக்கு மேல் போட்டும் போதவில்லை. பருமனே இல்லாத ஓர் உடலில் இவ்வளவு இன்சுலின் ஏன் செயலற்றுப் போகிறது என்ற கேள்விக்கு விடை கொழுப்புத் திசுவிலும், அதன் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலும் கிடைக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். நோயாளியின் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அவரை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் இரவு

ஆய்வகத்தில் இரத்தத்தைச் சுழற்றி எடுத்தபோது, வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் முழுவதும் பால் நிறத்தில் இருந்தது. குழாயைச் சாய்த்தபோது மேலே படிந்திருந்த ஏடு கண்ணாடியில் ஒட்டி மெல்ல வழிந்தது. இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பான டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 2,180 மில்லிகிராம். 150க்குள் இருக்க வேண்டிய அளவு இது. 1,000ஐத் தாண்டும்போதே கணைய அழற்சி வரும் வாய்ப்பு உண்டு. கணையம் வீங்கினால் இரத்தத்தில் உயரும் இரண்டு நொதிகளில் ஒன்றான அமைலேஸ் ஏறத்தாழ இயல்பாக இருந்தது. ஆனால் டிரைகிளிசரைடு இவ்வளவு உயர்ந்த சீரத்தில் அமைலேஸ் சோதனை பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதால் அதை நம்பிக் கணையத்தை விட்டுவிட முடியாது. மற்றொன்றான லைப்பேஸ் ஐந்து மடங்கு உயர்ந்திருந்தது. ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது. சோடியம் 127 என்று வந்த முடிவும் உண்மையான குறைவு அல்ல. சீரத்தின் கன அளவில் ஒரு பங்கைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதால் நீர்ப்பகுதி சுருங்கிச் சோடியம் குறைந்ததுபோல் தெரிகிறது. அதைச் சரிசெய்வதாக எண்ணி அடர் உப்புக் கரைசல் ஏற்றியிருந்தால் தீங்கு நேர்ந்திருக்கும்.

வாய்வழி உணவை நிறுத்தி, நரம்பு வழி நீர்மங்களும் தொடர் இன்சுலினும் கொடுத்தோம். இங்கே இன்சுலின் சர்க்கரைக்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை. இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதியைத் தூண்டி, மிதக்கும் கொழுப்பை உடைக்கவும் செய்கிறது. நான்காம் நாள் டிரைகிளிசரைடு 640க்கு இறங்கியது, வலி அடங்கியது. அவசரம் முடிந்த பிறகுதான் உண்மையான விசாரணை தொடங்கியது.

உடல் சொன்னது

வார்டில் மாமியார் என்னிடம் கேட்டார்: “இவ சாப்பிடறதே ஒரு கரண்டி சோறுதான் சார். எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணால கூடப் பாக்கறதில்ல. அப்புறம் எப்படி சார் ரத்தத்துல இவ்ளோ கொழுப்பு?” இந்தக் கேள்வி நியாயமானது. ஏழு ஆண்டுகளாக அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பதில், வாயைக் கட்ட வேண்டும், ஊசியை ஒழுங்காகப் போட வேண்டும் என்ற இரண்டு அறிவுரைகள்தான். வார்டில் செவிலியரே நேரம் தவறாமல் ஊசி போட்டார்கள், சமையலறையிலிருந்து அளந்த உணவே வந்தது. அப்போதும் இன்சுலின் தேவை 130 யூனிட்டுக்குக் கீழே வரவில்லை. சொன்னதைச் செய்யாத நோயாளி என்ற பழி அவர்மீது இனி நிற்க முடியாது.

பரிசோதனையைக் கையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருந்தன. சர்க்கரை பார்க்க ஊசியால் குத்தினால் சொட்டு இரத்தம் வருவதற்கே திணறியது. மோதிர விரலின் பக்கவாட்டில்தான் எடுக்க முடிந்தது. கழுத்திலும் அக்குளிலும் தோல் கருமையாகி வெல்வெட் துணிபோல் மடிந்திருந்தது. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்து திசுக்கள் அதற்குச் செவிசாய்க்காத நிலையின் தெளிவான அடையாளம் அது. முகம் உருண்டு, தாடைக்கடியில் சதை தொங்கியது. முகத்தை மட்டும் பார்ப்பவர் அவரைச் சற்றுப் பூசினாற்போன்ற உடல்வாகு என்றே சொல்வார்.

கட்டிலில் நேராக உட்காரச் சொன்னபோது, தலையணையை எடுத்து அடியில் வைத்துக்கொண்டார். ஏனென்று கேட்டேன். “உக்காந்தா எலும்பு குத்துது சார். வேலையிலயும் புடவையை நாலா மடிச்சுப் போட்டுத்தான் உக்காருவேன்,” என்றார். அவர் சொன்ன குறைகளிலேயே நோயறிதலுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் எந்தச் சீட்டிலும் அது எழுதப்படவில்லை. பிட்டத்தில் கிள்ளிப் பார்க்கக் கொழுப்பே இல்லை. தொடையின் முன்பக்கத்தில் தோல் மடிப்பை அளவியால் அளந்தபோது 7 மில்லிமீட்டர் வந்தது. பெண்களுக்கு 22 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே சந்தேகிக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் வகுத்த அளவுகோல். கெண்டைக்கால் தசைகள் ஓட்டப்பந்தய வீரருடையதுபோல் தனித்தனியாகத் தெரிந்தன; அவற்றின்மேல் சிரைகள் கயிறாகப் புடைத்து ஓடின. கைகளிலும் அப்படியே.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்வரை மற்ற பிள்ளைகளைப்போலத்தான் இருந்ததாகவும், வயதுக்கு வந்த பிறகே கை கால்கள் இறுகிப் போனதாகவும் சொன்னார். “ஆம்பளைக் காலு” என்று கேலி செய்ததால் அதன் பிறகு பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தியதே இல்லையாம். அவருடைய தாயாரும் ஒல்லி, சர்க்கரை நோயாளி, 46 வயதில் மாரடைப்பால் இறந்தவர்.

நோயறிதல்

உருண்டை முகமும் சர்க்கரையும் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது கார்டிசால் ஹார்மோன் மிகும் குஷிங் நோய். ஆனால் குஷிங் நோயில் தொடைத் தசைகள் கரையும். தரையில் குந்தி அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. இவர் கையூன்றாமல் எளிதாக எழுந்தார். டெக்ஸாமெத்தசோன் கொடுத்துச் செய்த கார்டிசால் சோதனையும் இயல்பாகவே இருந்தது. இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் சி-பெப்டைடின் அளவு உயர்ந்திருந்ததால் கணையம் இன்சுலினைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது என்பது உறுதியானது. ஆகவே இது முதல் வகை நோயும் அல்ல.

எச்.ஐ.வி. சோதனை எடுத்தோம், இல்லை என்று வந்தது. அதை ஏன் எடுக்க வேண்டும் என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் உள்ள உறவை மனித உடலில் மிகக் கொடுமையாகக் காட்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது. எச்.ஐ.வி. சிகிச்சையில் இந்தியாவிலும் ஒரு காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஸ்டாவுடின் என்ற மாத்திரை, வைரஸின் மரபுப்பொருள் படியெடுப்பைத் தடுப்பதோடு நில்லாமல், மைட்டோகாண்ட்ரியா தன் சொந்த டி.என்.ஏ.வைப் படியெடுக்க நம்பியிருக்கும் பாலிமெரேஸ் காமா என்ற நொதியையும் தடுத்தது. கொழுப்புச் செல்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மெல்ல வற்றியது; கன்னமும் கை கால்களும் ஒட்டிப்போயின; கூடவே சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஏறின. 2009ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் படிப்படியாகக் கைவிடப் பரிந்துரைத்தது. கொழுப்புச் செல் வெறும் எண்ணெய்ப் பை என்றால், மைட்டோகாண்ட்ரியா பழுதானதற்காக அது அழிந்திருக்க வேண்டியதில்லை.

புதுச்சேரிக்கு அனுப்பி எடுத்த, உடலின் கொழுப்பைப் பகுதி பகுதியாக அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், உடம்பின் நடுப்பகுதியில் 27 விழுக்காடாக இருந்த கொழுப்பு கால்களில் 11 விழுக்காடாக மட்டுமே இருந்தது. இயல்பான பெண் உடலில் கால்களின் கொழுப்பு விகிதம் நடுப்பகுதிக்குக் குறைவாக இருப்பது அரிது. கல்லீரல் பெரிதாகிக் கொழுப்பேறியிருந்தது. பரம்பரைப் பகுதிக் கொழுப்பிழப்பு நோய் என்று எழுதினோம். கிளாஸ்கோவைச் சேர்ந்த டன்னிகனும் உடன் ஆய்வாளர்களும் 1974இல் விவரித்ததால் டன்னிகன் வகை என்று வழங்கும் நோய் இது. செல்லின் உட்கருவுக்கு உறையாக அமையும் லேமின் புரதங்களுக்கான எல்.எம்.என்.ஏ. மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம் என்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. பின்னர் வந்த மரபணு முடிவு, அந்தப் புரதத்தின் 482ஆம் இடத்தில் அர்ஜினைன் இருக்க வேண்டிய இடத்தில் டிரிப்டோபான் இருப்பதைக் காட்டியது. இந்த நோயில் மீண்டும் மீண்டும் பதிவாகும் இடம் அதுவே.

கொழுப்பு இல்லாததால் வரும் கொழுப்பு நோய்

அவருக்கும் குடும்பத்தாருக்கும் இதை விளக்க அவர் தொழிலையே எடுத்துக்கொண்டேன். “அறுவடைக் காலத்துல கொட்டை மூட்டை வந்துக்கிட்டே இருக்கு, குடோன் மட்டும் இல்லன்னா என்னம்மா பண்ணுவாங்க?” என்று கேட்டேன். “திண்ணையில, நடையில, அடுப்பங்கரை வரைக்கும் அடுக்குவாங்க சார்,” என்றார். அவர் உடலில் நடப்பதும் அதுதான். தோலுக்கடியில் சேர வேண்டிய கொழுப்பு, சேர இடமின்றிக் கல்லீரலிலும் தசையிலும் இரத்தத்திலும் குவிகிறது.

இதை ஐயமின்றி நிறுவியவை எலிகளில் நடந்த ஆய்வுகள். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் மார்க் ரெய்ட்மனும் உடன் பணியாற்றியோரும் 1998இல் வெண்கொழுப்பே ஏறத்தாழ இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குக் கடும் சர்க்கரை நோயும் கொழுப்பேறிய கல்லீரலும் வந்தன. 2000ஆம் ஆண்டில் அந்த எலிகளுக்கு இயல்பான எலிகளின் கொழுப்புத் திசுவை அறுவை மூலம் பொருத்தியபோது சர்க்கரை குறைந்தது, கல்லீரல் தெளிந்தது. கொழுப்பைச் சேர்த்து ஒரு சர்க்கரை நோயைத் தீர்த்த அந்தச் சோதனையை, எடையைக் குறைக்கச் சொல்வதே முழுச் சிகிச்சை என்று எண்ணும் ஒவ்வொரு மருத்துவரும் அறிந்திருக்க வேண்டும்.

இடம் கொடுப்பதோடு கொழுப்புத் திசுவின் வேலை முடிந்துவிடுவதில்லை. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டறிந்தது. 1995இல் பிலிப் ஷெரர், ஹார்வி லோடிஷின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது அடிபோனெக்டின் என்ற புரதத்தைக் கண்டறிந்தார். இவை இரண்டும் கொழுப்புச் செல்கள் இரத்தத்தில் விடுக்கும் சுரப்புகள். முன்னது பசியை அடக்கும், பின்னது இன்சுலினுக்குத் திசுக்களை இணங்க வைக்கும். அடிபோனெக்டினின் வினோதம், உடல் பருக்கப் பருக்க அது இரத்தத்தில் குறைவதுதான். எண்ணெய் நிரம்பித் திணறும் செல் அதைக் குறைவாகவே சுரக்கிறது. நம் நோயாளியிடம் செல்களே குறைவு என்பதால் இரண்டுமே குறைந்திருக்கும். லெப்டின் குறைவதால் பசி அடங்காமல், சேர்க்க இடமில்லாத உடலுக்குள் மேலும் உணவு போவதும் இந்நோயின் ஒரு பகுதி. ஒரு கரண்டி சோற்றோடு எழுந்துவிடும் இந்தப் பெண், பசியை ஏழு ஆண்டுகளாக மன உறுதியால் மட்டுமே அடக்கி வந்தார் என்பது தனியாகப் பேசியபோதுதான் தெரிந்தது.

ஷெரரின் பிற்கால ஆய்வுகள் இந்த நோயாளியின் நேர் எதிர் உருவத்தை ஆய்வகத்தில் உருவாக்கின. 2007இல் அவர் குழு, லெப்டின் இல்லாமல் பெருத்துப்போகும் எலிகளில் அடிபோனெக்டினை மிகுதியாக்கியது. அந்த எலிகள் முன்னைவிடவும் மிகப் பருத்தன, ஆனால் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது. 2012இல் நேச்சர் மெடிசின் இதழில் கிறிஸ்டின் குஸ்மின்ஸ்கியும் அவரும் வெளியிட்ட ஆய்வு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இறங்கியது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் மைட்டோநீட் என்றொரு புரதம் உண்டு. பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை ஒட்டிக்கொள்ளும் இடமாக அது 2004இல் கண்டறியப்பட்டது. கொழுப்புச் செல்களில் மட்டும் அதை மிகுதியாக்கினால், மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறைக்குள் இரும்பு செல்வது குறைகிறது. எலக்ட்ரான் கடத்தலுக்கு இரும்பு தேவை என்பதால் கொழுப்பை எரிக்கும் வேகம் தணிகிறது. ஆக்சிஜனேற்றச் சேதம் குறைகிறது. அடிபோனெக்டின் சுரப்பு பெருகுகிறது. எலி பெருத்துப்போகிறது, ஆனால் இன்சுலின் தடையின்றி வேலை செய்கிறது.

அதே ஆய்வின் மறுபக்கம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மைட்டோநீட்டைக் குறைத்த எலிகளில் மைட்டோகாண்ட்ரியா வேகமாக எரித்தது. கொழுப்பு மிகுந்த தீனி தின்றும் எடை அவ்வளவாக ஏறவில்லை. வெளியே பார்ப்பவர் அவற்றையே ஆரோக்கியமான எலிகள் என்பார். ஆனால் அவற்றில் ஆக்சிஜனேற்ற நெருக்கடி கூடியது, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. கொழுப்பை எரிக்கும் என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் காட்டி நோயாளிகள் கேட்கும்போதெல்லாம் இந்த எலிகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கொழுப்புச் செல் எவ்வளவு எரிக்கிறது என்பதைவிட, தன்னிடம் வந்ததைச் சேதமில்லாமல் வைத்துக்கொள்கிறதா என்பதே கேள்வி.

தசையின் பக்கமும் மைட்டோகாண்ட்ரியாவின் கதை உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ஷூல்மன் குழு 2004இல், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் ஒல்லியான, நோய் வராத இளம் பிள்ளைகளை காந்த அதிர்வு நிறமாலை முறையில் ஆராய்ந்தது. இன்சுலினுக்கு இணங்காதிருந்த அந்தப் பிள்ளைகளின் தசைச் செல்களுக்குள் கொழுப்பு 80 விழுக்காடு மிகுந்தும், மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் ஆக்கம் 30 விழுக்காடு குறைந்தும் இருந்தது. தசைச் செல்லுக்குள் தேங்கும் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பு இடைப்பொருள், இன்சுலின் ஏற்பியிலிருந்து உள்ளே போகும் செய்தியை இடைமறிக்கிறது என்பது இக்குழுவின் விளக்கம். மைட்டோகாண்ட்ரியாவின் தளர்ச்சி இதற்குக் காரணமா, தேங்கிய கொழுப்பின் விளைவா என்ற வாதம் துறைக்குள் தொடர்கிறது. இந்தப் பெண்ணைப் பொறுத்தவரை வரிசை தெளிவானது: கொழுப்புத் திசுவின் குறைபாடு முதலில் வந்தது, தசையும் கல்லீரலும் பிறகு நிரம்பின.

சிகிச்சை

இந்தக் கணைய அழற்சியைத் தூண்டிவிட்டது எது என்று தேடியபோது ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. மாதவிலக்கு சீராக வரவில்லை என்று போன இடத்தில் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். வலி வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கிறார். கொழுப்பிழப்பு நோயில் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் சாதாரணம், ஈஸ்ட்ரோஜன் டிரைகிளிசரைடை ஏற்றும் என்பதும் அறிந்ததே. மாத்திரையை நிறுத்திக் காப்பர்-டி பொருத்தினோம்.

உணவில் கொழுப்பைக் குறைத்தோம். ஆனால் அதற்கு ஈடாகச் சோற்றை ஏற்றவில்லை, ஏனெனில் மிகுந்த மாவுச்சத்தையும் கல்லீரல் டிரைகிளிசரைடாகத்தான் மாற்றும். கேழ்வரகுக் களி, கீரை, பருப்பு, சுட்ட அல்லது குழம்பில் வெந்த மீன் என்று அவர் வீட்டில் கிடைப்பதைக் கொண்டே திட்டம் போட்டோம். வறுத்த முந்திரி வேண்டாம் என்றபோது, தான் உடைக்கிற முந்திரியைத் தின்று ஆண்டுகளாகின்றன என்றார். டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இரண்டையும் தொடங்கினோம்.

பயோகிளிட்டசோனைச் சேர்க்கலாமா என்பதில்தான் நிறைய யோசித்தோம். கொழுப்புச் செல்களை முதிரச் செய்யும் பி.பி.ஏ.ஆர். காமா என்ற ஏற்பியைத் தூண்டுவது அதன் முதன்மை வேலை. தோலடிக் கொழுப்பில் புதிய மைட்டோகாண்ட்ரியாவை உருவாக்குவதும், அடிபோனெக்டினை ஏற்றுவதும் மனிதர்களிலேயே காட்டப்பட்டவை. எடை கூடும்போதே சர்க்கரை இறங்கும் அந்த மருந்தின் முரண், மேலே சொன்ன எலிகளின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் முரணாகத் தெரிவதில்லை. இந்தியாவில் 2013 ஜூனில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது, ஜூலை இறுதியில் எச்சரிக்கை வாசகங்களுடன் மீண்டும் அனுமதித்தது. நீர் கோத்தல், இதயச் செயலிழப்பு, எலும்பு முறிவு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த ஐயம் எல்லாம் உண்மையான கவலைகள். டன்னிகன் வகையில் ஏற்கெனவே பருத்த முகத்திலும் கழுத்திலும் மேலும் கொழுப்பு சேரலாம் என்பதையும் அவரிடம் வெளிப்படையாகச் சொன்னோம். இதய எக்கோ இயல்பு என்று கண்ட பிறகு 15 மில்லிகிராம் தொடங்கினோம்.

ஆறு மாதங்களில் எடை 2 கிலோ கூடியது. இன்சுலின் தேவை 140இலிருந்து 62 யூனிட்டுக்கு வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.4இலிருந்து 8.1க்கு இறங்கியது, டிரைகிளிசரைடு 290. இது முழு வெற்றி அல்ல. இலக்கு இன்னும் தள்ளியே இருக்கிறது, முகம் சற்று வீங்கியது அவருக்கு வருத்தமே. இந்த நோய்க்கென்றே உள்ள லெப்டின் மருந்தின் பலனும் நமக்குத் தெரியும். 2002இல் வெளிவந்த ஆய்வில் கொழுப்பிழப்பு நோயுள்ள ஒன்பது பெண்களுக்கு நான்கு மாதங்கள் லெப்டின் கொடுத்தபோது எச்பிஏ1சி 1.9 புள்ளியும், டிரைகிளிசரைடு 60 விழுக்காடும், கல்லீரலின் கன அளவு 28 விழுக்காடும் குறைந்தன. ஜப்பான் 2013இலும் அமெரிக்கா 2014இலும் அதை அனுமதித்தன. ஐரோப்பா 2018இல் பகுதிக் கொழுப்பிழப்பின் சில நிலைகளுக்கும் அனுமதித்தது. அதன் விலை முந்திரிக் கொட்டகையில் கூலி வாங்கும் குடும்பத்தின் கற்பனைக்கும் எட்டாதது. அரிய நோய்களுக்கான அரசு உதவியில் இது போன்ற வளர்சிதைமாற்ற நோய்களுக்கும் இடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஒரு பெண்ணோடு இது நிற்கவில்லை

எல்.எம்.என்.ஏ. மாற்றம் அரிது. ஆனால் அதன் மங்கிய சாயல் நம்மிடையே அரிதல்ல. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3, யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எண் ஒன்று, உடல் வேறு. 2017இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, இன்சுலின் இணங்காமையோடு தொடர்புடைய 53 மரபணு இடங்களைச் சுட்டி, கை கால்களில் கொழுப்பைச் சேர்க்கும் திறன் குறைவாகப் பிறப்பவர்களுக்குச் சாதாரண மக்கள்தொகையிலும் சர்க்கரை நோய் மிகுதி என்று காட்டியது. டன்னிகன் நோய் அந்த நீண்ட வரிசையின் கடைசி முனை மட்டுமே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் நாடு தழுவிய கணக்கெடுப்பு 2023இல் வெளியானபோது, சர்க்கரை நோயின் விகிதம் நாட்டில் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4, புதுச்சேரியில் 26.3 என்று இருந்தது. நான்கில் ஒருவருக்கு மேல் நோயுள்ள ஊரின் வாசலில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு, வருகிற நோயாளிகளில் பலர் பருமனானவர்கள் அல்லர் என்பது தெரியும். வயிறு சற்று முன்தள்ளி, கால்கள் மெலிந்த அந்த உடலை எடைக்கருவி பிடிப்பதில்லை. இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளப்பதற்கும் கெண்டைக்காலை ஒருமுறை பார்ப்பதற்கும் செலவு எதுவும் இல்லை. சேலையும் வேட்டியும் மறைக்கும் கால்களைப் பார்க்காமல் எழுதப்படும் மருந்துச் சீட்டுகள் எத்தனையோ. ஒல்லியான ஒருவருக்கு இன்சுலின் கிலோவுக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டினால், அல்லது டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால், கால்களைப் பார்க்காமல் அவரை அனுப்பக் கூடாது.

குடும்பம்

இந்நோய் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 29 வயதுத் தம்பியை வரவழைத்தோம். நெல்லிக்குப்பத்தில் சுமை தூக்கும் தொழில் செய்பவர். உடற்பயிற்சி செய்ததுபோன்ற கட்டான தேகம், யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். ஆண்களுக்கு இயல்பிலேயே காலில் கொழுப்பு குறைவு என்பதால் இந்நோய் அவர்களிடம் எளிதில் ஒளிந்துகொள்கிறது. டிரைகிளிசரைடு 480, வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, கல்லீரலில் கொழுப்பு. அவருக்கும் அதே மரபணு மாற்றம் உறுதியானது. தாயாரின் மரணத்தை மனத்தில் வைத்தும், லேமின் மாற்றங்கள் இதயத் துடிப்பின் மின்பாதையையும் பாதிக்கக்கூடும் என்பதாலும், ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் தொடங்கினோம். மது அருந்தினால் கணையம் தாங்காது என்பதை அவரிடமும் அவர் மனைவியிடமும் தனித்தனியே சொன்னோம்.

மூத்த மகளுக்கு 12 வயது, அண்மையில்தான் பூப்பெய்தியிருக்கிறாள். தொடை மடிப்பு இப்போது இயல்பு, சர்க்கரையும் கொழுப்பும் இயல்பு. கொழுப்பிழப்பு தெரியத் தொடங்கும் பருவம் இதுதான் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோல் மடிப்பும் டிரைகிளிசரைடும் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். மரபணுச் சோதனையை இப்போதே எடுப்பதா, அவள் தானே முடிவெடுக்கும் வயது வரட்டும் என்று விடுவதா என்பதைப் பெற்றோரிடம் விட்டோம். தாய் உடனே எடுக்கச் சொல்கிறார், தந்தை தயங்குகிறார். இருவரும் பேசி, அடுத்த முறை தோல் மடிப்பு அளக்க வரும்போது சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.